தீர்த்தன் ஆற்றில் தூண்டிலோடு: ஏப்ரல் மாதக் குறிப்புகள்

ஏப்ரல் 9, 2024, செவ்வாய் – ஔட், பஞ்சார்

இமாசலப் பிரதேசத்தில் உள்ள தீர்த்தன் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் மணாலிப் பேருந்தில் வந்து, ஔட் சுரங்கப் பாதையின் வாயிலுக்கு முன்பே இறங்கிக்கொள்ள வேண்டும். டில்லியில் ஏறும்போதே நடத்துநரிடம் இதைச் சொல்லிவைத்தோம். மண்டியில் தேநீருக்கு நிறுத்தியபோது மீண்டும் நினைவூட்டினோம். விடியும் நேரத்தில் அவர் நன்றாக உறங்கிவிட்டார். சுமார் 3 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தைத் தாண்டி மறுமுனையில் வெளிச்சத்தைக் கண்ட பிறகுதான் பேருந்து நின்றது. புகையும் லாரிகளும் நிறைந்த அந்தச் சுரங்கத்துக்குள் மூட்டைகளோடு நடந்து திரும்ப முடியாது என்பதால், அங்கே நின்ற டாக்சிக்காரரிடம் 500 ரூபாய் கொடுத்து வந்த வழியே திரும்பினோம். கூட வந்த மைத்துனனுக்கு மீன்பிடிப்பதில் எள்ளளவும் ஆர்வம் இல்லை. "மச்சான், இன்னும் ஒரு மீனைக்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் 500 ரூபாய் ஆகிவிட்டது" என்று அவன் தொடங்கிய கணக்கு ஊர் திரும்பும் வரை ஓயவில்லை.

லார்ஜி அணையை ஒட்டிய சாலையில் திரும்பியதும் நிலம் மாறிவிடுகிறது. தீர்த்தனும் சைஞ்சும் பியாஸ் நதியோடு சேரும் இடம் இது. 2023 ஜூலை வெள்ளம் அரித்துப் போட்ட கரைகளைப் பல இடங்களில் இன்னும் பார்க்க முடிகிறது. பியாஸின் நீர் சாம்பல் நிறத்தில் கனத்து ஓட, தீர்த்தன் மட்டும் அடியில் கிடக்கும் கற்கள் தெரியும்படி பச்சையாக வந்து கலக்கிறது. இந்த ஆற்றில் நீர்மின் திட்டங்கள் கிடையாது. பஞ்சாரின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் திலாராம் ஷபாப் போன்றவர்கள் நீதிமன்றம் வரை சென்று போராடியதன் பயன் அது. டிரவுட் மீனுக்குத் தடையின்றி ஓடும் குளிர்ந்த நீரும், முட்டையிடுவதற்குப் பொடிக் கற்கள் பரவிய படுகையும் வேண்டும். அணை கட்டினால் இரண்டும் போய்விடும்.

பஞ்சார் கடைத்தெருவில் ராஜ்மாவும் சோறும் சாப்பிட்டோம். தட்டு 100 ரூபாய். கேட்காமலே இரண்டாம் முறை சோறு போட்டவர் அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டுக்கு ஆன நாள் கட்டணம் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டவில்லை. நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி முடியும் வரை ஆற்றில் தூண்டில் போடக் கூடாது. பழுப்பு டிரவுட் முட்டையிடும் காலம் அது. சீட்டில் குறித்த அளவுக்குக் குறைந்த மீனை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும், ஒரு நாளில் எடுத்துச் செல்லும் மீன்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. சீட்டு எழுதியவர் எங்கள் ஊரைக் கேட்டுவிட்டு, "கோயம்புத்தூரில் ஆறு இல்லையா?" என்றார். நொய்யலைப் பற்றி அவருக்கு இந்தியில் விளக்கும் அளவுக்கு எனக்குச் சொற்கள் போதவில்லை.

ஏப்ரல் 10, புதன் – குஷைனி

குஷைனிக்கு மேலே, ஆற்றின் மறுகரையில் உள்ள ஒரு வீட்டில் தங்கியிருக்கிறோம். மரப்பாலத்தைக் கடந்து ஆப்பிள் தோட்டத்தின் வழியாகப் போக வேண்டும். மரங்கள் இப்போது பூத்திருக்கின்றன. இரண்டு வேளை உணவோடு ஓர் அறைக்கு நாளொன்றுக்கு 2,200 ரூபாய். வீட்டுத் தலைவியான மூதாட்டியை எல்லோரும் மாதா ஜி என்றே அழைக்கிறார்கள். விருந்தினர் காலணியோடு அடுப்படிக்குள் நுழைந்தால் அவர் ஒன்றும் சொல்வதில்லை, அந்தக் காலணியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்த இளைஞர் இதே ஊர்க்காரர். என் பையில் இருந்த உருப்படிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பாதியை அறையிலேயே வைக்கச் சொன்னார். ஃபிளை ஃபிஷிங் எனப்படும் இந்த முறைக்குப் புதிதாக வருகிறவர்கள் கருவிகளில் பணத்தைக் கொட்டுவதால், எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டோ இரையோ கனமாக இருப்பதால், அது பறக்கும்போது நைலான் நரம்பையும் இழுத்துச் செல்கிறது. இங்கே முள்ளில் இருப்பது இறகும் மயிரும் கட்டிய போலிப் பூச்சி. வீச்சுக்கு உதவும் அளவுக்கு அதற்கு எடை கிடையாது. எனவே எடை முழுவதும் லைனில்தான் இருக்க வேண்டும். பூச்சு ஏற்றிய தடித்த அந்தக் கயிற்றைத்தான் நாம் வீசுகிறோம், பூச்சி அதன் பின்னால் போகிறது. லைன்களுக்கு எடை வாரியாக எண் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் எண் லைன் என்றால் அதன் முதல் 30 அடி 9 கிராமுக்குச் சற்று அதிகமாக இருக்கும். தூண்டில் கோலின் மீதும் அதே எண் எழுதியிருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் கோல் சரியாக வளையாது, எவ்வளவு முயன்றாலும் வீச்சு அமையாது. தீர்த்தன் அளவுள்ள ஆற்றுக்கு நான்காம் எண்ணோ ஐந்தாம் எண்ணோ போதும். கோலின் நீளம் எட்டரை அடியிலிருந்து 9 அடிக்குள் இருக்கலாம். லைன் மிதக்கும் வகையாகவும், முன்பகுதி கனத்ததாகவும் இருக்க வேண்டும்.

செலவழிக்க வேண்டியது இந்த லைனுக்குத்தான். ரீலைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்லும் பெருமைகளைக் கேட்டுக்கொண்டிருக்கலாமே தவிர நம்ப வேண்டியதில்லை. ஒரு முழம் நீளமுள்ள டிரவுட்டுக்கு ரீலின் பிரேக் எவ்வளவு நுட்பமானது என்பது தெரியாது. அந்த ரீல் பெரும்பாலும் லைனைச் சுற்றி வைப்பதற்கு மட்டுமே பயன்படுகிறது. லைனுக்கு முன்னால் 9 அடி நீளத்தில், நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும் லீடர் என்ற நரம்பு இருக்கும். அதன் நுனியில் டிப்பெட் எனப்படும் மெல்லிய நரம்பைச் சேர்க்க வேண்டும். டிப்பெட்டின் கனத்தை எக்ஸ் கணக்கில் சொல்கிறார்கள். 11-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று கிடைத்துவிடும். 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு பங்கு. எண் கூடக் கூட நரம்பு மெலியும். இந்த ஆற்றின் கற்களுக்கிடையே 4 எக்ஸும் 5 எக்ஸும்தான் சரிப்படும். அதைவிட மெலிந்தது பாறையில் உரசியே அறுந்துவிடுகிறது.

மாலையில் தோட்டத்துப் புல்தரையில் வீசிப் பார்த்தோம். குச்சியின் நுனியில் ஒட்டிய சேற்று உருண்டையைச் சிறுவர்கள் தூரத்துக்கு எறிவதுண்டு: மெதுவாகத் தொடங்கி, வேகத்தைக் கூட்டி, சட்டென்று கையை நிறுத்துவார்கள். நிறுத்தும் அந்தக் கணத்தில்தான் சேறு கிளம்பும். இந்த வீச்சும் அப்படித்தான். கோலின் நுனியைத் தரைக்கு அருகே வைத்துத் தொடங்க வேண்டும். தொய்வு இல்லாமல் மேலே தூக்கி, கட்டைவிரல் காதுக்கு நேரே வரும்போது உறுதியாக நிறுத்த வேண்டும். லைன் பின்னால் முழுவதுமாக நீளும் வரை காத்திருந்து, பிறகு முன்னால் செலுத்தி மீண்டும் நிறுத்த வேண்டும். அந்தக் காத்திருப்பைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். முன்வீச்சில் அவசரப்பட்டு ஒரேயடியாகப் பலத்தைச் செலுத்தினால் கோலின் நுனி நேர்கோட்டில் போகாமல் குழிந்து போகிறது. லைனின் மேற்பகுதி கீழ்ப்பகுதியில் இடித்துக்கொண்டு லீடரில் முடிச்சு விழுகிறது. அந்த முடிச்சைக் காற்றின் மீது பழிபோட்டுக் காற்று முடிச்சு என்கிறார்கள், காற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முடிச்சு விழுந்த நரம்பு பலம் இழந்துவிடுவதால், கண்டவுடன் வெட்டிவிட்டுப் புதிய நரம்பைக் கட்டுவதே நல்லது.

ஏப்ரல் 11, வியாழன் – குஷைனிக்கு மேல்

காலை ஆறரை மணிக்கு நீரில் வெப்பமானியை இறக்கிப் பார்த்தபோது 8 டிகிரி செல்சியஸ் காட்டியது. டிரவுட் சுறுசுறுப்பாக இரை தேடுவதற்கு 10 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் வழிகாட்டி அவசரப்படவில்லை. தேநீர் குடித்து, அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்தார். பழுப்பு நிற டிப்பர் பறவை ஒன்று பாறையிலிருந்து பாயும் நீருக்குள் நடந்தே இறங்கியது. சற்றுத் தள்ளி மேலே வந்தபோது அதன் அலகில் புழு ஒன்று இருந்தது. அந்தப் பறவை இருக்கும் இடத்தில் பூச்சிப் புழுக்கள் இருக்கும், புழுக்கள் இருந்தால் மீனும் இருக்கும் என்றார் அவர்.

இந்த ஆற்றில் புல்தரை வீச்சு பாதி நேரம் உதவாது. கரை நெடுகிலும் மரங்கள் அடர்ந்து நிற்பதால் லைன் பின்னால் போக இடமே இல்லை. இங்கே வேண்டியது ரோல் காஸ்ட் எனப்படும் உருட்டு வீச்சு. லைனை நீரின் மீதே மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, கோலைத் தோளுக்குப் பின்னால் சாய்த்து, லைன் நம் பக்கவாட்டில் தொய்ந்து தொங்கும் வரை நிறுத்தி, பிறகு முன்னால் விசையோடு செலுத்தி உயரத்திலேயே நிறுத்த வேண்டும். லைன் சுருண்டு உருண்டுகொண்டே போய் எதிரில் விரியும். நீரில் கிடக்கும் லைனின் பிடிப்புத்தான் கோலை வளைக்கிறது. அதனால் இதைப் புல்லில் பழக முடியாது, தண்ணீரில்தான் பழக வேண்டும். காணொளிகளில் 80 அடி தூரம் வீசுபவர்களைக் கண்டு மயங்குகிறவர்கள் இங்கே வந்து பார்க்கலாம். நான் கண்ட வரையில் மீன் ஏறிய வீச்சுகள் அனைத்தும் 30 அடிக்கு உட்பட்டவை, பல 15 அடிகூட இல்லை.

தூரம் ஏன் உதவுவதில்லை என்பதற்குக் காரணம் இழுவை. ஆற்றின் நீர் எங்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடுவில் பாய்கிறது, பாறைக்குப் பின்னால் தேங்குகிறது, கரையோரம் பின்னோக்கிக்கூடச் சுழல்கிறது. பூச்சி தேங்கிய நீரிலும் லைன் பாயும் நீரிலும் கிடந்தால், லைன் முந்திக்கொண்டு பூச்சியை இழுக்கும். நிஜப் பூச்சி பெரும்பாலும் நீரின் போக்கிலேயே போகும், அது குறுக்கே ஓடுவது அரிது. மீனுக்கு இந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடுகிறது. எனவே எத்தனைக்கெத்தனை குறைவான லைன் நீரைத் தொடுகிறதோ அத்தனைக்கத்தனை நல்லது. வழிகாட்டி முழங்கால் ஆழத்தில் பாறைக்குக் கீழ்ப்புறமாக, மீனின் முதுகுப் பக்கத்திலிருந்து நெருங்கினார். மீன் நீரோட்டத்தை எதிர்த்தே நிற்பதால் பின்னாலிருந்து போகிறவரை அது எளிதில் காணாது. கோலை உயரத் தூக்கிப் பிடித்து, லைன் முழுவதும் காற்றில் இருக்க, லீடர் மட்டும் நீரில் இறங்கும்படி பூச்சியைப் பாறையோரம் விட்டு, நீரின் வேகத்துக்கு ஏற்பக் கோலின் நுனியை நகர்த்திக்கொண்டே வந்தார். வீச்சு என்று சொல்லும்படி அங்கே ஒன்றும் நடக்கவில்லை. லீடர் கண நேரம் தயங்கியது, அவர் கோலை மெல்ல உயர்த்தினார், மீன் ஏறியிருந்தது.

அகன்ற இடங்களில் வீசியே ஆக வேண்டியிருந்தால், லைன் விழுந்தவுடன் கோலின் நுனியால் அதைத் தூக்கி மேல்நீர்ப் பக்கமாக, அதாவது நீர் வரும் திசையில், வளைத்துப் போட வேண்டும். லைனைச் சரிசெய்யும் இந்த வேலையைப் பூச்சி நகராமல் செய்வது வீசுவதைக் காட்டிலும் கடினம். என்னுடைய முதல் மீன் இப்படி வந்தது: ஒரு சாண் நீளம், பொன்னிற வயிறு, கறுப்புப் புள்ளிகளுக்கு இடையே வெண்வளையம் சூழ்ந்த செம்புள்ளிகள். கையை நனைத்துக்கொண்டுதான் அதைத் தொட வேண்டும். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும், பிறகு அங்கே நோய் பற்றும். முள்ளின் நுனியில் பின்னோக்கி இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் முன்பே நசுக்கியிருந்ததால் திருகியவுடன் கழன்றுவிட்டது.

கரைக்கு வந்து விவரித்தபோது மைத்துனன் மீனின் நீளத்தைக் கையால் அளந்து காட்டச் சொன்னான். காட்டினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் பரோட்டாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 12, வெள்ளி – மழை

பொழுது விடிந்ததிலிருந்து மழை. பதினொரு மணிக்கு ஆலங்கட்டியாக மாறியது. ஆப்பிள் பூக்கள் உதிர்ந்து கிடந்ததைப் பார்த்தபடி வீட்டுக்காரர் திண்ணையில் நின்றார். அவருடைய ஆண்டு வருமானத்தில் ஒரு பங்கு தரையில் கிடக்கும்போது ஆறு எப்போது தெளியும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "நாளை கலங்கல், ஞாயிறு நன்றாக இருக்கும்."

மதியம் மாதா ஜி சித்து செய்தார். புளிக்க வைத்த கோதுமை மாவுக்குள் அரைத்த வால்நட் பூரணத்தை வைத்து ஆவியில் வேகவைத்து, பிட்டு, உருக்கிய நெய்யை ஊற்றித் தருகிறார்கள். கொழுக்கட்டையில் வெல்லத்துக்குப் பதில் உப்பும் காரமும் இருந்தால் நமக்கு ஏற்படும் தயக்கம் முதல் வாயில் ஏற்பட்டது, இரண்டாம் வாயில் போய்விட்டது. இரவுக்கு டிரவுட் வறுவல். ஆற்று மீனா என்று கேட்டேன். பண்ணை மீன் என்றார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் தட்டுக்கு வருவது பெரும்பாலும் பண்ணையில் வளர்த்த வானவில் டிரவுட். பதலிகூலில் நார்வே நாட்டின் உதவியோடு தொடங்கிய திட்டத்தின் வழியாக இந்த வளர்ப்பு பரவியது. ஆற்றில் தானாக இனம்பெருக்கி வாழ்வது பழுப்பு டிரவுட். அதுவும் இந்த மண்ணுக்குரியது அன்று. ஸ்காட்லாந்திலிருந்து முட்டைகளாக 1900-ஐ ஒட்டிக் காஷ்மீருக்கு வந்து, 1909-இல் குலூ பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-இல் டிரவுட் பொரிப்பகம் அமைத்ததும் இதே ஆங்கிலேயப் பொழுதுபோக்கின் பொருட்டுத்தான். வெயில் ஒத்துக்கொள்ளாத அதிகாரிகள் குளிர்ந்த இடங்களைக் கண்டபோதெல்லாம் தங்கள் ஊர் மீனையும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

மழை சற்று ஓய்ந்தபோது வழிகாட்டி வந்தார். ஓரமாக ஓடிய கிளை ஓடையில் ஒரு கல்லைப் புரட்டி அடிப்பக்கத்தைக் காட்டினார். மூன்று வாலோடு தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது மேஃபிளையின் புழு. இரண்டு வாலோடு தடித்திருந்தது ஸ்டோன்ஃபிளை. மணலைக் கோத்துக் கூடு கட்டி உள்ளே இருந்தது கேடிஸ். இவை வாழ்நாளின் பெரும்பகுதியை நீருக்கடியில் கழித்துவிட்டு, சிறகு முளைத்து மேலே வந்து, சில நாட்களில் இனம்பெருக்கி இறந்துபோகின்றன. எனவே டிரவுட்டும் தன் உணவில் பெரும்பங்கை நீருக்கடியிலேயே எடுக்கிறது. நிம்ஃப் எனப்படும் புழு வடிவப் போலிகள் அதிக மீன் பிடிப்பதற்கு இதுவே காரணம். நீர்மேல் மிதக்கும் பூச்சியை மீன் எழும்பி எடுப்பதைக் காண்பது கண்ணுக்கு விருந்துதான், ஆனால் அந்த விருந்துக்காக நாள் முழுவதும் காத்திருக்க நேரிடும்.

என் பெட்டியில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட பூச்சிகளில் அவர் ஒப்புக்கொண்டவை கொஞ்சம்தான். முதலாவது ஃபெசன்ட் டெயில் நிம்ஃப். இங்கிலாந்தின் ஏவான் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. அவர் நூலே இல்லாமல் மெல்லிய செம்புக் கம்பியால் இறகிழைகளைக் கட்டினார். அதே கம்பி எடையாகவும் இருந்து பூச்சியை ஆழத்துக்குக் கொண்டுசெல்கிறது. அடுத்தது முயல்மயிர் நிம்ஃப். மிதப்பவற்றில் 1922-இல் மிச்சிகனில் பிறந்த ஆடம்ஸும், மான்மயிரால் கட்டிய எல்க் ஹேர் கேடிஸும். ஆடம்ஸ் எந்தப் பூச்சியையும் துல்லியமாகப் போலி செய்வதில்லை, எல்லாவற்றையும் கொஞ்சம் ஒத்திருக்கிறது. பூச்சியின் நிறத்தைவிட அளவு முக்கியம் என்பதும், அளவைவிட அது போகும் ஆழம் முக்கியம் என்பதும் வழிகாட்டியின் கட்சி. நிம்ஃப் அவ்வப்போது அடிக்கல்லில் தட்ட வேண்டும், தட்டவே இல்லை என்றால் அது போதிய ஆழத்தில் இல்லை.

முடிச்சுகளையும் மறுபடி கட்டிப் பழகினோம். எந்த முடிச்சானாலும் இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனைக்க வேண்டும். உலர்ந்த நரம்பு உரசும்போது சூடேறிப் பலவீனமாகிறது.

ஏப்ரல் 13, சனி – கலங்கல் நீர்

வீட்டுக்காரர் சொன்னபடியே ஆறு பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது. இந்த மாதத்தில் மழை இல்லாவிட்டாலும் பிற்பகலில் நீர் கலங்கும். மேலே வெயில் பட்டுப் பனி உருகி இறங்க நேரமாகும் என்பதால் காலை தெளிவாகவும் மாலை கலங்கலாகவும் இருப்பது ஏப்ரல், மே மாதங்களின் இயல்பு. அதனால் காலையை வீணாக்கக் கூடாது.

விடுமுறை நாள் என்பதால் சாலையில் கார்கள் வரிசை பிடித்தன. ஆற்றங்கரையில் ஒலிபெருக்கியோடு ஒரு கூட்டம், சிப்ஸ் பொட்டலங்கள், பாட்டில்கள். வழிகாட்டி யாரையும் கடிந்துகொள்ளவில்லை. பையிலிருந்து ஒரு சாக்கை எடுத்து அவர்கள் முன்னாலேயே பொறுக்கத் தொடங்கினார். சிறிது நேரத்தில் அந்தக் கூட்டத்துப் பெண் ஒருவரும் எழுந்து வந்து பொறுக்கினார். ஒலி குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பெரும் இமாலய தேசியப் பூங்கா 2014 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அதன் எல்லைக்கு வெளியே, கிராமங்களை ஒட்டிய பகுதியில் மேல்நோக்கி நடந்தோம். கலங்கல் நீரில் சிறு நிம்ஃப் மீனின் கண்ணில் படாது. சிறு மீனைப் போன்ற பெரிய, கறுத்த போலியான ஸ்ட்ரீமரைக் கட்டி, கரையோரம் தேங்கிய இடங்களில் அசைத்து இழுக்க வேண்டும். வேகமான கலங்கலில் நிற்க விரும்பாத மீன்கள் ஓரத்துக்கு வந்துவிடுகின்றன. நண்பகலுக்குப் பிறகு பள்ளத்தாக்கில் காற்று மேல்நோக்கி வீசத் தொடங்கியது. கனத்த பூச்சியும் காற்றும் சேரும்போது தலைக்கு மேல் வீசுவது ஆபத்து. முள் காதில் ஏறிய கதைகள் எல்லா ஆற்றங்கரைகளிலும் உண்டு. கோலைப் பக்கவாட்டில் சாய்த்து, நீரை ஒட்டித் தாழ்வாக வீசினால் காற்றுக்கு அடியில் லைன் புகுந்துவிடுகிறது. தொப்பியும் கண்ணாடியும் எப்போதும் இருக்க வேண்டும். கண்ணாடி போலரைஸ்டு வகையாக இருந்தால் நீரின் மேல்மினுக்கம் போய் அடி தெரியும்.

காலடிக்கும் அதே கவனம் வேண்டும். பாசி படிந்த உருண்டைக் கற்கள்; நீர் முட்டிக்கு மேல் போனாலே இழுப்பு தெரிகிறது. மேல்நீரைப் பார்த்துப் பக்கவாட்டாக, ஒரு காலை ஊன்றிய பிறகே மறுகாலை நகர்த்த வேண்டும். கையில் ஊன்றுகோல் அவசியம். ரப்பர் உடை அணிகிறவர்கள் இடுப்பு வாரை இறுக்காமல் இறங்கவே கூடாது, விழுந்தால் உடைக்குள் நீர் நிரம்பிவிடும். கூரான ஆணி பதித்த காலணி இந்தக் கற்களில் நன்றாகப் பிடிக்கிறது.

திரும்பும்போது கோலின் இணைப்பு கழலவில்லை. குளிரும் மணல் துகளும் சேர்ந்து இறுகிவிட்டது. இருவர் இரு முனைகளைப் பிடித்துத் திருகினால் கோல் முறியும். வழிகாட்டி கோலை முழங்கால்களுக்குப் பின்னால் வைத்து, இணைப்பின் இருபுறமும் கைகளால் பிடித்து, முழங்கால்களை மெல்ல விரித்தார். திருகலே இல்லாமல் நேராகக் கழன்றது. சாலையோரக் கடையில் மேகி 60 ரூபாய், தேநீர் 20. ஆலங்கட்டி மீண்டும் பெய்தபோது கடைக்காரர் எங்களை அடுப்பருகே நகர்ந்து உட்காரச் சொன்னார். கடை மூடும் நேரம் கடந்தும் அவர் கதவைச் சாத்தவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு – நாகினி அருகே

சித்திரை முதல் நாள். மைத்துனன் ஊரிலிருந்து கொண்டுவந்த வெல்லத்தையும், மாதா ஜி காட்டிய வேப்பிலை போன்ற ஏதோ ஓர் இலையையும் வைத்து வருடப் பிறப்பை முடித்துக்கொண்டோம். இலை கசக்கவில்லை.

ஆறு தெளிந்திருந்தது. ஒன்பது மணிக்கு நீர் 10 டிகிரியைத் தொட்டது, வெயில் பட்ட இடங்களில் சிறகுகளை நிமிர்த்திய மேஃபிளைகள் எழும்பின. நீரின் மேல் மீன்கள் எழுவது தெரிந்ததும் மேலே ஆடம்ஸையும், அதன் முள் வளைவிலிருந்து ஒன்றரை அடி நரம்பில் நிம்ஃபையும் கட்டினோம். மேலே உள்ள பூச்சி மிதவையாகவும் வேலை செய்கிறது. அது சட்டென்று முங்கினால் கீழே உள்ளதை மீன் எடுத்திருக்கிறது என்று பொருள். பாறையின் பின்புறத்தைத்தான் எல்லோரும் குறிவைப்பார்கள். பாறையின் முன்னாலும் நீர் முட்டித் திரும்பும் ஒரு மெத்தை உண்டு, பெரிய மீன் பல நேரங்களில் அங்கேதான் நிற்கிறது. வேகமான நீரும் மெதுவான நீரும் உரசும் எல்லைக்கோட்டைக் குறியாக வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலாக, அருகிலிருந்து தொலைவாகப் போட வேண்டும். தொலைவில் முதலில் போட்டால் அருகிலுள்ள மீன்கள் லைனின் நிழல் கண்டு ஓடிவிடும்.

அப்படிப் போட்டுக்கொண்டே போனபோது முன்மெத்தையில் ஆடம்ஸ் முங்கியது. மீன் கீழ்நீர் நோக்கி ஓடியது. லைனைத் தொய்யவிடாமல், கோலை அது ஓடும் திசைக்கு எதிராகப் பக்கவாட்டில் சாய்த்தால் மீன் சீக்கிரம் களைக்கும்; நீண்ட நேரம் விளையாட்டுக் காட்டினால் விட்ட பிறகும் அது பிழைக்காது. ரப்பர் வலைக்குள் வந்தபோது கை முழுவதையும் தாண்டிய நீளம். வழிகாட்டி அதை நீரிலேயே வைத்து, தலையை மேல்நீருக்குத் திருப்பிப் பிடித்தார். செவுள் சீராக அசைந்ததும் அதுவே நழுவிப் போயிற்று. சட்டப்படி எடுத்துச் செல்லத் தகுந்த அளவுதான். வைத்துக்கொள்கிறீர்களா என்று அவர் கேட்கவே இல்லை, எனக்கும் அது தோன்றவில்லை. மைத்துனனுக்குத் தோன்றியது. "500 ரூபாய் மீன் போகிறது, மச்சான்" என்றான்.

பிற்பகலில் வழிகாட்டியின் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். செம்பழுப்பு அரிசிச் சோறு, உளுந்துப் பருப்பு, மோர். வழிகாட்டுவதற்கு அவர் ஒரு நாளுக்கு 2,000 ரூபாய் கேட்டார், சாப்பாட்டுக்கு எதுவும் வாங்கவில்லை. அவருடைய கோல் எட்டரை அடி நீளமுள்ள பழைய ஐந்தாம் எண். கைப்பிடித் தக்கை தேய்ந்து விரல் பதிந்த குழிகளோடு இருந்தது. ரீல் என்ன விலை என்று கேட்டேன். யாரோ ஒரு விருந்தினர் விட்டுப்போனது என்றார்.

ஏப்ரல் 15, திங்கள் – ஔட்

காலணிகளையும் வலையையும் வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே மூட்டை கட்டினோம். ஓர் ஆற்றின் பாசியும் நோய்க்கிருமிகளும் ஈரக் காலணியிலேயே அடுத்த ஆற்றுக்குப் போய்விடுகின்றன என்பதால், துணி அடிப்பாகம் கொண்ட காலணிகளைச் சில இடங்களில் தடைசெய்திருக்கிறார்கள். லைனையும் வெதுவெதுப்பான நீரில் துவைத்துத் துடைத்தேன். அழுக்குப் படிந்த லைன் மிதக்காது, வளையங்களில் வழுக்கவும் செய்யாது.

பேருந்து ஒன்றரை மணி நேரம் தாமதம். மண்டிப் பக்கம் எங்கோ மண் சரிந்திருந்ததாம். ஔட் கடைத்தெருவில் ஆலூ பரோட்டா 50 ரூபாய், தயிர் தனி. அடுத்த முறை வரும்போது 9 அடிக் கோலோடு, நான்காம் எண்ணில் எட்டரை அடிக் கோல் ஒன்றும் எடுத்துவர வேண்டும். மரங்களுக்கடியில் அந்த அரை அடி பெரிய உதவி. பூச்சிப் பெட்டியைப் பாதியாக்கி, 4 எக்ஸ் டிப்பெட் சுருள் கூடுதலாக ஒன்று. அக்டோபரில் நீர் தெளிவாகவும் குறைவாகவும் இருக்கும் என்கிறார்கள், நவம்பர் ஒன்றாம் தேதிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். மைத்துனன் தன் கணக்கை முடித்து எனக்குக் காட்டினான். மீன் என்ற தலைப்பின் கீழ் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தான், சித்துவுக்கு மட்டும் தனி வரி ஒதுக்கியிருந்தான்.